கேட்காமல் செதுக்கிய நன்றி

என்னுடைய நன்றியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லில் செதுக்கிவிட்டார்கள். வெள்ளைப் பளிங்கு. இரண்டு மொழிகளில் எழுத்து, ஓரத்தில் ஒரு புறா. 'எங்கள் மண்ணுக்குத் தேர்தலைக் கொண்டுவந்த நட்புப் படைகளுக்கு அபூ சித்ரா மக்களின் நன்றி.' நான் பூகோளம் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தின் முற்றத்தில், முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் பதித்து, பச்சைத் துணி போட்டு மூடி வைத்தார்கள்.

வாக்குப்பதிவுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. வருகிறவர்கள் எல்லாரும் கல்லைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். துணியை விலக்க ஓர் ஆள் வேண்டுமே, ஊரெல்லாம் தேடிக் கடைசியில் என்னைப் பிடித்தார்கள்.

ஏன் நான்? நான் காலிபின் மனைவி. தேர்தல் வேண்டும் என்று ஊர்வலம் போன குற்றத்துக்காக ஒரு வருடமாக அந்தப் படைகளுடைய சிறையில் கிடக்கிறாரே, அந்தக் காலிப். அவருடைய மனைவியே கேமரா முன்னால் நின்று நன்றி சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? பதிலுக்குக் காலிப் அன்றைக்கே வீடு வந்து சேர்வார். பேச்சு இவ்வளவுதான். என் புருஷன் வேண்டுமா, என் வாய் வேண்டுமா என்று கேட்டார்கள்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அந்தக் குளிர்காலத்தில் இதே ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தேர்தல் இப்போது முடியாது, உங்களுக்குப் பழக்கம் போதாது, நாங்கள் ஒரு குழுவைப் பொறுக்குகிறோம், அந்தக் குழு உங்களுக்கு ஆட்களைப் பொறுக்கும் என்றார்கள். நஜஃபிலிருந்து எங்கள் மதகுரு, பெரிய சையித், ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: மக்கள் வாக்குப் போட்டுத்தான் ஆட்சி, வேறு எந்த வழியும் செல்லாது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ்ராவிலும் பாக்தாதிலும் சனம் தெருவுக்கு வந்தது. எங்கள் ஊர் சின்ன ஊர். இருந்தாலும் எங்களுக்கும் அவர்கள் அனுப்பிய ஒரு துரை இருந்தார். பிரிச்சர்ட் என்று பெயர். நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம்.

ஆற்றங்கரைப் பம்பு நிலையத்தில் வேலை செய்த காலிப், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனார். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போனாலும் சரி, கொலைப் பகை தீர்க்கப் போனாலும் சரி, கொடுக்கிற காப்பியைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிடுவோம். வந்த காரியத்துக்கு வீட்டுக்காரர் சம்மதம் சொன்ன பிறகுதான் வாயில் வைப்போம். விருந்தாளி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய கேவலம் கிடையாது. துரையின் அலுவலகத்தில் காகிதக் கோப்பையில் காப்பி வந்தது. ஐந்து பேரும் வாங்கி, மரியாதையாக மேசைமேல் வைத்துவிட்டு, தேர்தல் வேண்டும் என்றார்கள்.

துரை காப்பியைப் பார்த்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தேநீர் வரவழைத்தார். அதையும் வாங்கி வைத்தார்கள். பிறகு ஆரஞ்சுச் சாறு டப்பா வந்தது. அதுவும் மேசைக்கே போனது. கடைசியில் மேசையில் கைவைக்க இடமில்லை. துரை ஒரு டப்பாவைத் திறந்து தானே குடித்துக்கொண்டு, தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாராம். மொழிபெயர்த்தவர் ஹாதி, எங்கள் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார். அந்தக் கோப்பைகளுக்கு என்ன அர்த்தம் என்று அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"ஏன் மாஸ்டர் சொல்லல?" என்று பிறகு கேட்டேன்.

"எப்படிச் சொல்றது டீச்சர்? உங்களக் கேவலப்படுத்துறாங்க துரைன்னா? எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

எங்கள் ஆட்கள் பேரிலும் தப்பு இருக்கிறது. கோப்பையைக் கீழே வைத்தால் உலகத்தில் எல்லாருக்கும் சுருக்கென்று தைக்கும் என்று நம்பிவிட்டார்கள். காலிப் வீட்டுக்கு வந்து, "ஆளு அசையவே இல்ல பத்ரியா, நெஞ்சழுத்தம்னா அப்படி ஒரு நெஞ்சழுத்தம்" என்று வியந்துபோய்ச் சொன்னார். பாவம், துரைக்கு ஒன்றுமே புரியவில்லை என்பது இவருக்குப் புரியவில்லை.

மறுநாள் ஊர்வலம். அலுவலக வாசலில் யாரோ கல் எறிந்தார்கள். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முன்வரிசையில் நின்ற காலிபைக் கலவரக்காரர் என்று பிடித்துக்கொண்டு போய், தெற்கே பாலைவனத்தில் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. நாடெல்லாம் தெருவில் நின்ற பிறகு, வேறு வழியில்லாமல், சரி, தேர்தல் நடக்கும் என்றார்கள். தேர்தல் நடக்கும் என்றானபின் தேர்தல் கேட்டவரை விட வேண்டுமா இல்லையா? விடவில்லை.

ஜூன் மாதம் ஆட்சியை உங்களிடமே ஒப்படைத்துவிட்டோம் என்றும் அறிவித்தார்கள். துரை அதே நாற்காலியில்தான் இருந்தார். கதவில் நிர்வாகி என்று இருந்ததை எடுத்துவிட்டு ஆலோசகர் என்று மாட்டினார்கள்.

அந்த ஆலோசகர்தான் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். கூடவே ஹாதி, துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர், காலிபின் அண்ணன் ஹாஜி மிஸ்ஹிர். வெளிநாட்டு வண்டி தெருவுக்குள் வந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? கூடமும் வாசலும் நிறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு உம்மு காழிம் எனக்குப் பின்னால் வந்து நின்று என் முதுகில் ஒரு குத்து விட்டாள், தைரியமாக இரு என்று அர்த்தம்.

துரை உட்கார்ந்தார். "இப்ப நாங்க ஆளுறவங்க இல்ல. உங்க விருந்தாளிங்க," என்று ஆரம்பித்தார். ஹாதி அதைச் சொன்னார். ஹாஜி சின்னப் பிஞ்சான் கோப்பையில் காப்பி ஊற்றி நீட்டினார். துரை வலது கையால் வாங்கினார். வாங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கோப்பையைத் தரையில் வைத்தார்.

ஹாதியைப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மனுஷன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் எங்களுக்கு உதவியிருக்கும். எங்கள் கழுத்துக்குச் சுருக்குப் போடத் தோதாக இப்போது சொல்லியிருக்கிறார்.

"ஒரே ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்," என்றார் துரை. "கல்லைத் திறந்து நாலு வார்த்தை நன்றி சொல்லணும். அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துடுவார்."

ஹாஜிக்கு வேர்த்துவிட்டது. "பத்ரியா, சரின்னு சொல்லும்மா. கோப்பை கீழ இருக்கு, ஊரே பாக்குது. நாலு வார்த்தைதானே, தேஞ்சா போயிடுவ?"

தேய்ந்து போக மாட்டேன்தான். காலிப் இல்லாத ஒரு வருடத்தில் நான் தேய்ந்ததைவிட அதிகமாக எதுவும் தேயாது. சரி என்று சொல்லத் தொண்டைவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எங்கள் கோப்பையை எடுத்து எங்களுக்கே வைத்துவிட்ட அந்தச் சிரிப்பு, அதைப் பார்த்ததும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது எனக்கு.

"ஹாதி மாஸ்டர், துரைக்குப் பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றேன். "கோப்பையை வீட்டு ஆம்பளை முன்னாடிதான் வைக்கணும். அவர் இல்லாத வீட்டுல வெச்சா அது வெறும் காப்பி."

"நான் இருக்கேன்ல?" என்றார் ஹாஜி.

"இது உங்க வீடு இல்ல ஹாஜி. உங்க வீடு சந்தைக்கு அந்தப் பக்கம். இந்த வீட்டு ஆம்பளை அவங்க ஜெயில்ல இருக்கார். கூட்டிட்டு வந்து இதே இடத்துல உக்கார வெச்சுட்டு அப்புறம் கோப்பையை வைக்கச் சொல்லுங்க. அவர் என்ன சொல்றாரோ அதுதான்."

வாசலில் நின்ற மீன்காரர் ஜப்பார், "டீச்சர் சொல்றதுதான் முறை" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமிருந்தும் குரல். உம்மு காழிம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அதுவரைக்கும் துரை தாகத்தோட இருக்கட்டும்" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

துரை சரி, கூட்டி வருகிறேன் என்றார். எங்கள் வழக்கத்தைப் படித்துவிட்டோம் என்ற பெருமையில் வந்தவர், இப்போது அது இல்லை என்று எப்படிச் சொல்வார்? அதோடு, ஒரு வருடம் உள்ளே கிடந்தவன், வீட்டுக் கதவைப் பார்த்ததும் எதற்கும் தலையாட்டுவான் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்த ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் காலிபைக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்கு யாரோ என்றிருந்தது. சட்டை தோளில் மாட்டித் தொங்கியது. தாடி பாதி வெளுத்திருந்தது. வாசலில் விலங்கைக் கழற்றினார்கள். உள்ளே வந்து, சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. ஊர் நின்றுகொண்டிருந்தது. அதற்காக இன்றைக்கும் எனக்கு ஊர்மேல் கோபம் உண்டு.

ஹாஜி காப்பி ஊற்றினார். துரை வாங்கி, காலிபின் முன்னால் தரையில் வைத்தார். ஹாதி விஷயத்தைச் சொன்னார்: கல், துணி, நாலு வார்த்தை, இன்றைக்கே விடுதலை.

காலிப் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் சொல்லணுமாம். நீ என்ன சொல்ற பத்ரியா?"

அத்தனை ஆண்களுக்கு நடுவில் மனைவியிடம் கேட்டார். ஹாஜி பல்லைக் கடித்துக்கொண்டார். நான் காலிபின் கண்ணைப் பார்த்தேன். வேண்டாம் என்று அதில் இல்லை. சொல் என்றும் இல்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. நீ எதைச் சொன்னாலும் நான் உன்னோடு என்றுதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, பேச்சுதான் வந்தது.

"ஹாதி மாஸ்டர், நான் சொல்றத அப்படியே சொல்லணும். மென்னு முழுங்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்," என்றார்.

"தேர்தலை அவங்கதான் குடுத்தாங்கன்னா, அதக் கேட்டவரை எதுக்கு ஜெயில்ல வெச்சாங்க? அவங்க குடுக்கலன்னா எதுக்கு நன்றி? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

ஹாதி சொன்னார். ஒரு வார்த்தைகூட விடவில்லை என்று துரையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதல்முறையாக அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

"நாங்க வரலன்னா அந்தப் பழைய கொடுங்கோலன் இன்னமும் இங்கதான் இருந்திருப்பான். அவன் காலத்துல உங்களால ஊர்வலம் போயிருக்க முடியுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் காலத்திலும் வாக்குச்சீட்டு இருந்தது, அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தொண்ணூற்றொன்றில் அவனை எதிர்த்து எழுந்து நின்ற என் தம்பியின் எலும்பு எந்தக் குழியில் கிடக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

"முடியாதுதான். அவனைத் துரத்துனதுக்குத் தனியா ஒரு கல்லு வைங்க துரை. அதுக்கு நானே தண்ணி தெளிச்சுக் கழுவி, பூ வெக்கிறேன். தேர்தல் கணக்கு வேற. அது வேண்டாம்னவங்க நீங்க. வேணும்னு நின்னவங்க இதோ, வாசல்ல நிக்கிறாங்க. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் உக்காந்திருக்கார். உங்களுக்கு நன்றி சொல்லி அவரைக் கூட்டிக்கிட்டா, அவர் செஞ்சது தப்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. என்னால ஆகாது."

சொல்லி முடித்ததும் காலிபைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தேன். ஒரு வருடத்துக்கு அப்புறம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுட்டீங்கல்ல துரை, இந்த வீட்டோட பதில் அதுதான்," என்றார்.

துரை எழுந்தார். கோப்பை தரையிலேயே இருந்தது. "இது உங்க வழக்கப்படி அவமானம் இல்லையா?" என்று ஹாதி வழியாகக் கேட்டார். ஹாஜி தலையில் கைவைத்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்து வாசலில் விருந்தாளி குடிக்காமல் போனதில்லை.

காலிப் கையை நீட்டி அந்தக் கோப்பையை எடுத்தார். எடுத்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"அடப்பாவி!" என்று ஹாஜி அலறினார்.

"ஒரு வருஷமாச்சு அண்ணே, வாய்க்கு ருசியா ஒரு காப்பி குடிச்சு," என்றார் காலிப். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். இன்னொண்ணு ஊத்துங்க."

ஜப்பார்தான் முதலில் சிரித்தார். பிறகு வாசலே சிரித்தது. உம்மு காழிம் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். விருந்தாளி குடிக்காத கோப்பையை வீட்டுக்காரரே குடிப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. அவமானம் யாருக்கு என்று முடிவுசெய்ய வழி தெரியாமல் வழக்கமே திகைத்து நின்றுவிட்டது. ஹாஜி இரண்டாவது கோப்பையை ஊற்றினார். அதைக் குடித்து முடிக்கிறவரை துப்பாக்கிக்காரர்கள்கூடக் காத்திருந்தார்கள்.

அப்புறம் விலங்கு போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி திரும்புகிறவரை நின்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதேன். நன்றி சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றும் அழுதேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கல்லைத் திறக்க வேறு யாரும் அகப்படவில்லை. ஹாஜியைக் கேட்டார்கள், மூட்டுவலி என்றுவிட்டார். ஹாதி மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டு, வகுப்பறைக்குத் திரும்பி வந்துவிட்டார். வாக்குப்பதிவு அன்று கல் துணியோடுதான் இருந்தது. வரிசை முற்றத்தைத் தாண்டித் தெருவையும் தாண்டி நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு முறை, தேர்தலைக் கெடுக்க யாரோ வைத்த குண்டு வெடித்தது. எல்லாரும் தலையைக் குனிந்து, எழுந்து, மறுபடியும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். உம்மு காழிமுக்குக் கால் வலித்தது. போய்த் துணியோடு கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உக்கார நல்ல வாகா கட்டியிருக்கானுங்க. இதுக்கு வேணா நன்றி சொல்லலாம்," என்றாள்.

உள்ளே என் பெயரைச் சரிபார்த்த பெண், அடுத்த வரியில் விரலை வைத்தாள். "காலிப்னு இருக்கே, அவர் வரலையா?"

"இந்த ஊருக்கு ஓட்டு வாங்கிக் குடுத்தவர் அவர்தான்மா," என்றேன். "அவருக்கு மட்டும் ஓட்டு கிடையாது."

அவள் பேனாவை வைத்துவிட்டு ஊதா மைப் புட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் விரலை அடிவரைக்கும் முக்கினேன்.

சிறைக்குப் போக அடுத்த வாரம் அனுமதி கிடைத்தது. பாலைவனக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிவலைக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி. காலிப் வந்து நின்று, நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"கூட்டம் இருந்துச்சா?"

"கூட்டமா? நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு. தெருவே வந்துடுச்சு. ஹாஜிகூட வந்தார், மூட்டுவலியோட."

"குண்டு வெச்சாங்களாமே. யாரும் ஓடலையா?"

"ஒருத்தரும் ஓடல. எடம் போயிடும்னு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் ஊதா விரலை வலைக்குள் விட்டு நீட்டினேன். அவரும் தன் விரலை அந்தப் பக்கத்திலிருந்து நீட்டினார். எட்டவில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் என் விரலைப் பார்த்துவிட்டு, அரைகுறை அரபியில், "பார், நாங்க குடுத்தது. சந்தோஷமா?" என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காலிப் அவன் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு குடு தம்பி. நான் இன்னும் போடல."